நிப்பாட்டாத வண்டி

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு, என் மனுசனுடைய லைசன்ஸைப் பொலிஸ் பறித்து ஒரு வருஷம் முடிந்தது. பூசைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கார் வீட்டு வாசலில் பனிக்குள் புதைந்து கிடக்க, நாங்கள் மூன்று பேரும் ரோட்டில். அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

“இண்டையோட வருஷம் ஒண்டு, லில்லி.”

“எதுக்கு?”

“அதுக்குத்தான்.”

எங்கள் மகள் டிலானி பாட்டுக் கேட்கும் வயரைக் காதிலிருந்து கழற்றாமலே தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

நான் இதை நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மீன் பக்டரியில் எனக்கும் மனுசனுக்கும் வேலை. மன்னார்ப் பேசாலையில் பிறந்தவளுக்கு மீன் புதிதில்லை. குளிரும் இருட்டும்தான் புதிது. மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. பக்டரிக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சனிக்கிழமை வந்தால் எங்கள் ஆண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். மேசையில் போத்தில் இருக்கும். ஊர்க்கதை வெறி ஏற ஏற உரத்துப்போகும்.

ஊரில் இருக்கிற உங்களில் சிலர் இதை வாசித்துச் சிரிக்கக்கூடும். நாங்கள் ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில் இருக்கிறோம், இவள் ஒரு லைசன்ஸ் போனதை எழுதுகிறாளே என்று. எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஆட்கள் இங்கேயும் அங்கேயும் வெறியில் வாகனம் ஓடியதை ஒரு கெட்டித்தனமாகத்தான் இன்னமும் கதைக்கிறார்கள். “எவ்வளவு குடிச்சாலும் ஸ்டியரிங்கைப் பிடிச்சா நேராத்தான் போவன்” என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. இரண்டு தரம் நான் அந்த வண்டிக்குள் இருந்தவள்.

2

லைசன்ஸ் பறிபட்ட நாளுக்கு முந்திய நாள் ஒரு சிநேகிதர் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். மனுசன் விஸ்கியும் குடித்தார், அதற்கு மேல் பியரும் குடித்தார். வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். அவருக்கு அந்தளவு புத்தி இருந்தது. படுத்து எழும்பி, குளித்து, தேத்தண்ணி குடித்து, சேர்ட் அயன் பண்ணிப் போட்டார். மாதம் ஒருக்கா தமிழ்க் கத்தோலிக்கச் சுவாமி பக்கத்துப் பட்டினத்துக்கு வந்து பூசை வைப்பார். அதற்குத்தான் வெளிக்கிட்டோம்.

“இஞ்சருங்கோ, கார் ஓடலாமோ?” என்று கேட்டேன்.

“நேத்துக் குடிச்சது இண்டைக்கு எங்க இருக்கப்போகுது?”

டிலானி சப்பாத்து லேஸைக் கட்டியபடியே சொன்னாள். “அப்பா, அது உடம்பை விட்டுப் போக நேரம் எடுக்கும். குளிச்சாப் போகாது. கோப்பி குடிச்சாலும் போகாது. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை.”

“உன்ர பள்ளிக்கூடம் எனக்குப் படிப்பிக்குதோ?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளுடைய தமிழில் எழுத்துகள் வழுக்கும், அதற்குச் சிரிப்பதே எங்களுக்குப் பழக்கம். அவள் சொன்ன விஷயத்தை இருவரும் காதில் போடவில்லை.

அந்த ரோட்டில் ஒரு பக்கம் மலை. மறுபக்கம் கடல். நடுவில் மலையைக் குடைந்த நீளமான சுரங்கம். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் பனி வெளிச்சம் கண்ணில் அடித்தது. அந்த வெளிச்சத்துக்குள், ரோட்டு ஓரத்தில் சீருடை உடுப்புப் போட்ட ஒருவர் நின்றார். ஒரு கை உயர்ந்திருந்தது.

மனுசன் பிறேக்கில் கால் வைக்கவில்லை. கார் ஒரு துள்ளுத் துள்ளி முன்னே பாய்ந்தது. கை உயர்த்தி நின்ற ஆள் பக்கவாட்டில் பாய்ந்து பனிக்குள் விழுந்ததை என் பக்கக் கண்ணாடியால் கண்டேன்.

அடுத்து நான் செய்தது இதுதான். பின்னால் திரும்பி, டிலானியின் தலையைப் பிடித்துச் சீற்றுக்குக் கீழே அமுக்கினேன். “குனி! குனி பிள்ளை!” என்று கத்தினேன். நானும் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தேன். வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். முதுகெல்லாம் கூசியது. எந்த இடத்தில் படும் என்று என் உடம்பு தேடிக்கொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை.

“அம்மா, என்ன செய்யிறியள்?” டிலானி அழுதாள். “விடுங்கோ, எனக்கு நோகுது!”

கார் கொஞ்சத் தூரம் போய், சறுக்கி, ரோட்டோரப் பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. பனிக்குவியலுக்கு அந்தப் பக்கம் கடல். நான் நிமிர்ந்து பார்த்தபோது, விழுந்த ஆள் காற்சட்டையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு பெண் பொலிஸ். கையில் துவக்கு இல்லை. வந்து கண்ணாடியில் தட்டினா. மனுசன் இறக்கினார்.

“காலை வணக்கம்” என்றா அந்தப் பிள்ளை. அவவின் குரலும் நடுங்கியது.

பிறகு ஒரு குழாயை நீட்டி, ஊதச் சொன்னா. மனுசன் ஊதினார். அவ அதில் வந்த இலக்கத்தைப் பார்த்து, நோர்வேஜியத்தில் ஒன்று சொன்னா. “டூ ஆர் சிக்தெத்.”

மனுசன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

அந்தச் சொல்லின் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் பக்டரியில் வேலை செய்கிறவர்கள் மாரிக்கு முன் மலைக்கு வேட்டைக்குப் போவார்கள். மனுசனும் ஒருதரம் கூடப் போனவர். துவக்கைக் குறி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘சிக்தே’. அவருக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். பொலிஸ்காரி சொன்னது, “உம்மீது குற்றம் சாட்டப்படுகிறது” என்று. அவர் காதில் விழுந்தது, “உன்னைக் குறி வைத்தாயிற்று” என்று. ஒரே சொல்தானாம் இரண்டுக்கும்.

டிலானிதான் பின்னாலிருந்து சொன்னாள். “அப்பா, கையைக் கீழ விடுங்கோ. வழக்குப் போடப்போயினம். அவ்வளவுதான்.”

அவர் விடவில்லை. அந்தப் பொலிஸ்காரி மெதுவாக அவருடைய முழங்கையைத் தொட்டுக் கீழே இறக்கிவிட்டா.

3

முதல் தரம் நடந்ததைச் சொல்கிறேன். மன்னார்த் தீவு முழுக்க ஆமியின் கையில் இருந்த காலம் அது. எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகவில்லை. மனுசன் ஒரு பழைய வான் வைத்திருந்தார். காலையில் பேசாலையிலிருந்து மீன்பெட்டி ஏற்றிப் பட்டினத்துக்குப் போவார். திரும்பி வரும்போது சனத்தை ஏற்றி வருவார்.

அன்று நானும் பட்டினத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு றெஜினா அக்காவும் அவவின் மனுசன் சவரி அண்ணையும் வந்திருந்தார்கள். அக்காவின் மகனுக்கு அடுத்த கிழமை கோயிலில் முதல்நன்மை வாங்குகிற நாள். வெள்ளைச் சேர்ட்டும் மெழுகுதிரியும் வாங்க வந்தவ. அக்காவும் நானும் கடைகடையாக ஏறி இறங்கினோம். ஆண்கள் இருவரும் தவறணையில் இருந்தார்கள். வெய்யிலில் கள்ளு நல்லாய்ப் புளித்திருந்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது மனுசனின் கண் சிவந்து கிடந்தது.

பயப்பட எனக்குத் தெரியவில்லை. யார் குடித்துவிட்டு ஓடவில்லை? சட்டம் அங்கேயும் இருந்ததுதான். ஆனால் பொலிஸ் எங்கே, வாகனத்தை மறித்து வாயை மணக்க அவர்களுக்கு நேரம் எங்கே? ரோட்டில் எங்களை மறித்தவர்கள் எல்லாம் வேறு ஒன்றைத்தான் தேடினார்கள்.

சவரி அண்ணைக்குப் பட்டினத்தில் வலைக்கயிறு வாங்குகிற வேலை மிச்சம் இருந்தது. “நீ இவனோட போ, நான் பின்னேரம் வாறன்” என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்து வானில் அவரே ஏற்றிவிட்டார். அக்கா பின்கதவுக்குப் பக்கத்தில் வெறும் மீன்பெட்டியில் இருந்தா. மடியில் சேர்ட் பார்சல். நான் முன்னுக்கு இருந்தேன்.

வழியில் ஒரு சென்றி, ஆமியின் காவலரண். தூரத்திலேயே தார்ப்பீப்பா வைத்திருப்பார்கள். அதடியில் வாகனம் நிற்கவேண்டும். சனம் இறங்கி வரிசையாக நடந்து போக, வாகனம் மட்டும் பின்னால் ஊர்ந்து வரவேண்டும். இது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மனுசன் தினமும் செய்கிற காரியம்.

பீப்பா வந்தது. வான் நிற்கவில்லை.

“பீப்பா! பீப்பா!” என்று நான் கத்தினேன்.

“தெரியுது, தெரியுது” என்றார். சொன்னாரே தவிர, கால் அசையவில்லை. பிறகு அசைந்தது, பிழையான இடத்தில். வான் உறுமிக்கொண்டு பாய்ந்தது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரன் எழும்பி ஓடி வந்தான். “நவத்தன்ன! நவத்தன்ன!” நிப்பாட்டு, நிப்பாட்டு என்று. அவனுடைய முகத்தைக் கண்டேன். எங்களைவிட அவன் பயந்திருந்தான்.

சுட்டார்கள். முதல் ஆகாயத்தில். பிறகு ரயரில். வான் ஒரு பக்கம் இழுத்து, ரோட்டைவிட்டு இறங்கி, பனங்குற்றி ஒன்றில் மோதிப் பிரண்டது.

எனக்கு நினைவு தெளிந்தபோது மணலில் முழங்காலில் இருந்தேன். கை இரண்டும் பிடரியில். நெற்றியில் வெட்டுக் காயம். முன்னால் மனுசனைக் குப்புறப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் “கொட்டியா! கொட்டியா!” என்றார்கள். புலி என்று. நான் அக்காவைத் தேடினேன். வானின் பின்பக்கம் நசிந்து கிடந்தது. அதற்குக் கீழே வெள்ளைச் சேர்ட் பார்சல் தெரிந்தது. அக்கா அசையவில்லை.

ஒரு சூடும் அவவில் படவில்லை. ஊரில் பலர் ஆமி சுட்டுத்தான் அவ செத்தவ என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். நான் பக்கத்தில் இருந்தவள். சூடு படவில்லை.

4

என்னை விட்டுவிட்டு மனுசனை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த நாள் காலையில் பங்குச் சுவாமியோடு ஆமிக் காம்புக்குப் போனேன். கப்டன் மேசைக்குப் பின்னால் இருந்தான். தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் மொழிபெயர்த்தான்.

“சென்றியை உடைக்க வந்த ஆள். மேலிடத்துக்கு அனுப்பப் போறம்” என்றான்.

அனுப்பிய ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“ஐயா, அவர் புலி இல்லை. வெறியில இருந்தவர். கள்ளுக் குடிச்சவர்” என்று அழுதேன்.

“நீ அவன்ர மனிசி. வேற என்ன சொல்லுவாய்?”

“மணந்து பாருங்கோ!”

“அவனில இப்ப இரத்தம்தான் மணக்குது” என்றான் மொழிபெயர்த்தவன். கப்டன் அதைச் சொல்லவில்லை. அவனே சொன்னான்.

சுவாமி கதைத்துப் பார்த்தார். மனுசன் குடித்ததைக் கண்ட ஆள், சொந்தம் இல்லாத ஆள் ஒருவர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். பின்னேரம் லொறி வெளிக்கிடுமாம்.

கண்ட ஆள் ஒருவர்தான். சவரி அண்ணை. அவருடைய வீட்டில் றெஜினா அக்காவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

நான் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே போகவில்லை. கால் வரவில்லை. சுவாமி போனார். நான் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே ஒப்பாரி நிற்பதையும் திரும்பத் தொடங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கனநேரம் போனது. சவரி அண்ணை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். என்னுடைய மனுசன் முடிந்தார் என்று நினைத்தேன். பிறகு சவரி அண்ணை, செத்தவீட்டுக்குக் கட்டிய வேட்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவாமியிடம் மட்டும் சொன்னார்.

“ஒரு செத்தவீடு காணும், சுவாமி.”

காம்பில் கப்டனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். மனுசனைக் கொண்டுவந்து நிலத்தில் இருத்தினார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது.

“இவன் புலி இல்லை” என்றார் சவரி அண்ணை. “இவன் குடிகாரன். என்னோட இருந்துதான் குடிச்சவன். நானும் குடிச்சனான். இவனுக்கு வெறி எண்டு தெரிஞ்சும் என்ர மனிசியை இவன்ர வானில நான்தான் ஏத்திவிட்டனான். அவ வீட்டில பெட்டிக்குள்ள கிடக்கிறா. நான் போய் அடக்கவேணும்.”

மொழிபெயர்க்கிறவன் கப்டன் பக்கம் திரும்பினான். சிங்களத்தில் சொன்னான். நீளமாகச் சொன்னான். அதில் எனக்கு விளங்கியது ஒரு சொல். ‘பீலா.’ குடித்துவிட்டு என்று அர்த்தம். கப்டன் மனுசனைப் பார்த்தான். “பீலாத?” என்று கேட்டான். மனுசன் ஓம் என்று தலையை ஆட்டினார்.

விட்டுவிட்டார்கள். குடித்திருந்ததுதான் அவருடைய உயிரைக் காப்பாற்றியது.

வெளியே வந்ததும் மனுசன் சவரி அண்ணையின் காலைப் பிடிக்கக் குனிந்தார். அவர் விலகிக்கொண்டார். “அடக்கத்துக்கு வராதை” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

வழக்கு இல்லை. யாரும் வந்து கேட்கவில்லை. மரண விசாரணை ஒரு கடதாசியில் முடிந்தது. கொஞ்சக் காலத்தில் நாங்கள் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனோம். பிறகு மண்டபம் முகாம். பிறகு மனுசனின் தமையன் கூப்பிட்டு, இங்கே. வந்து கன வருஷம் மனுசன் ஒரு துளியும் தொடவில்லை. எப்போது திரும்பத் தொடங்கினார் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இந்த இருட்டு மாதங்களில் ஒன்றில்தான்.

5

சுரங்கத்தடியிலிருந்து மனுசனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரத்தம் எடுத்தார்கள். பிறகு பொலிஸ் கந்தோர். அறைக் கதவைச் சாத்தியபோது அவர் எழும்பிவிட்டார். கதவு திறந்திருக்கட்டும் என்று கேட்டார். திறந்து விட்டார்கள். கோப்பி கொடுத்தார்கள். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசினார். “அண்ணை, பயப்பிடாதேங்கோ. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ” என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் மனுசன் கதிரையில் இருந்தார். லைசன்ஸை மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நாட்டில் ஒரு பியர் குடித்தவனே கார்ச் சாவியைத் தொடமாட்டான். அளவு அவ்வளவு குறைவு. மேலே போகப் போகத் தண்டம், அதற்கு மேலே சிறை. மனுசனின் இரத்தத்தில் குடித்த அடுத்த நாள் காலையிலும் சிறைக்குப் போடுகிற அளவு இருந்தது. அதோடு மறித்த இடத்தில் நிற்காமல் ஒரு பொலிஸ்காரியைச் சாகடிக்கப் பார்த்ததும் சேர்ந்துகொண்டது.

எனக்குச் சிறை பெரிதாகத் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். மன்னாரில் கொண்டுபோய் இறக்கிவிடுவது கனவில் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று தபாலில் வந்தது. பிள்ளை காருக்குள் இருந்ததால் சிறுவர் நலக் கந்தோருக்கு அறிவித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம்.

இங்கே எங்கள் சனத்துக்கு அந்தக் கந்தோரின் பெயரைக் கேட்டாலே உதறும். பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கண்டவர்கள் குறைவு. பயந்தவர்கள் கூட. நான் இரண்டு நாள் வீட்டைக் கழுவினேன். வந்தவர்கள் இரண்டு பெண்கள். தேத்தண்ணி குடித்தார்கள். டிலானியோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்றார்கள். அறைக் கதவு மூடியது. நான் குசினியில் நின்று காதைக் கொடுத்தேன். அவள் வேகமாக நோர்வேஜியத்தில் சொல்லிக்கொண்டே போனாள். என் சொந்தப் பிள்ளை கதைப்பது எனக்கு விளங்கவில்லை. ‘மாமா’ என்ற சொல் மட்டும் அடிக்கடி வந்தது. அது அவர்களுடைய மொழியில் அம்மா.

அவர்கள் போனபிறகு கேட்டேன். “என்ன பிள்ளை சொன்னனீ?”

“உண்மையைச் சொன்னனான்.”

“என்ன உண்மை?”

“அப்பா சனிக்கிழமையில குடிக்கிறவர் எண்டு. அம்மா ஒண்டும் சொல்லாம ரேஸ்ற் பொரிச்சுக் குடுக்கிறவ எண்டு.”

குடிக்கிறவர்களுக்குக் கடிக்க நான் பொரித்துக் கொடுக்கும் மீனைத்தான் சொன்னாள். எனக்கு அடிக்கக் கை எழும்பியது. பிறகு அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் அதோடு நிற்கவில்லை. “அம்மா, ஏன் என்ர தலையை அமத்தினனீங்கள்? அந்தப் பொலிஸ் என்னைச் சுடும் எண்டு நினைச்சனீங்களோ? இஞ்ச அப்பிடிச் செய்யமாட்டினம். அப்பாதான் என்னைச் சாக்காட்டப் பாத்தவர். கடல் எவ்வளவு கிட்ட இருந்தது, கண்டனீங்களோ?”

நான் கண்டிருக்கவில்லை. பின்னால் வரும் வெடிக்குத்தான் பயந்தேன். முன்னால் இருந்த கடலை நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்கள் இன்னும் இரண்டு மூன்று தரம் வந்தார்கள். கடைசியில், பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம், விஷயம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அதைக் கேட்ட அன்று நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

6

வழக்குக்கு முன் அரசாங்கம் தந்த வக்கீல் எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். நல்ல மனுசர். மனுசன் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டார். சென்றிகள், ஆமி, அடி எல்லாவற்றையும் நான் சொன்னேன். றெஜினா அக்காவை மட்டும் சொல்லவில்லை. வக்கீலின் முகம் மலர்ந்தது.

“இதை நீதிமன்றத்தில் சொல்லுங்கள். உடுப்பைக் கண்டதும் யுத்தப் பயத்தில் கால் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். தண்டனை குறையலாம்.”

வீட்டுக்கு வந்து நானும் சொன்னேன். “அது பொய் இல்லைத்தானே. பயந்தனீங்கள்தானே. சொல்லுங்கோ.”

அவர் வழக்குக்குப் போடும் சேர்ட்டை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினார்.

நீதிமன்றம் எங்கள் பள்ளிக்கூட வகுப்பறையளவு இருந்தது. டிலானி வரவேண்டாம் என்று சொன்னோம். வந்தாள். பின்வரிசையில் இருந்தாள். அந்தப் பொலிஸ்காரி சாட்சி சொன்னா. கார் வந்த வேகத்தில் தன் வீட்டுப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்ததாகச் சொன்னா. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது மனுசன் தலையைக் குனிந்தார்.

நீதவான் கேட்டார். “ஏன் நிறுத்தவில்லை?”

வக்கீல் மனுசனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

மனுசன் எழும்பி நின்றார்.

“பயந்தது உண்மை, ஐயா. ஆனா நான் நிப்பாட்டாதது வெறியால. வெறி இல்லாத நாளில நான் நூறு சென்றியில நிப்பாட்டினவன். ஆமி துவக்கோட நிக்கேக்கையும் நிப்பாட்டினவன்.” நீதவானைப் பார்த்தார். “முந்தியும் ஒருக்கா நிப்பாட்டேல்லை. அண்டைக்கும் வெறி. ஒரு பிள்ளையின்ர தாய் செத்துப்போனா. அதுக்கு என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

மொழிபெயர்ப்பாளர் மனுசன் பக்கம் திரும்பினார். இதையும் சொல்லவா என்று கண்ணால் கேட்டார். “சொல்லுங்கோ தம்பி” என்றார் மனுசன்.

போச்சு, ஆயுளுக்கும் உள்ளே போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். வேறு நாட்டில் நடந்ததை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது, முன்னால் இருக்கும் வழக்கைத்தான் தீர்க்கலாம் என்றார். தண்டம் விதித்தார். சில கிழமைச் சிறை. லைசன்ஸ் சில வருஷங்களுக்கு இல்லை. பிறகும் வேண்டுமென்றால் புதிதாகப் பரீட்சை எடுக்கவேண்டும். குடித்து ஓடியவர்களுக்கென்று நடக்கும் வகுப்புக்கும் போகச் சொன்னார்கள்.

திருப்பி அனுப்பவில்லை. பக்டரியும் வேலையால் நிற்பாட்டவில்லை. பக்டரி வான் ஓடிய வேலையிலிருந்து மாற்றி, என்னோடு மீன் வெட்டும் மேசையில் விட்டார்கள். அவர் சிறைக்குப் போன நாளில் நான் பயந்ததைப்போல ஒன்றும் நடக்கவில்லை. பையோடு பஸ்ஸில் போனார். பையோடு பஸ்ஸில் வந்தார். சிறையில் யாரும் அடிக்கவில்லை என்று சொன்னபோது, தனக்கே நம்பமுடியாதது போலச் சொன்னார்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பும்போது டிலானி பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாள்.

“அவவின்ர பேர் என்ன?”

“றெஜினா” என்றார் தகப்பன்.

“அவவின்ர பிள்ளை இப்ப எங்க?”

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எந்தத் தாய் தகப்பனுக்கும் கிடைக்கக்கூடாது.

7

அதற்குப் பிறகுதான் மனுசன் சவரி அண்ணையோடு கதைக்கவேண்டும் என்று தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். ஆறின புண்ணை ஏன் நோண்டுவான் என்று கேட்டேன். ஆறினது ஆருக்கு என்று அவர் கேட்டார்.

பேசாலையில் ஒரு கொமினிக்கேஷன் கடைக்குச் சொல்லி, அவரை ஒரு பின்னேரம் கூப்பிட்டு வைக்கச் சொன்னோம். யார் எடுக்கிறது என்று சொல்லவேண்டாம் என்றோம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்று பேரும் தொலைபேசியைச் சுற்றி இருந்தோம். எல்லாருக்கும் கேட்கும்படி டிலானி ஸ்பீக்கரைப் போட்டாள். மனுசனின் விரல் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அமத்தியது.

“ஆர் கதைக்கிறது?” குரல் கிழடாகிப் போயிருந்தது.

“நான் தாஸ், அண்ணை. நோர்வேயில இருந்து.”

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“சொல்லு” என்றார்.

“இஞ்ச நான் திரும்பவும் வெறியில கார் ஓடினனான், அண்ணை. பிடிபட்டுப்போனன்.”

“ஆருக்கு என்ன நடந்தது?”

“ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.”

“உண்மையைச் சொல்லு.”

“உண்மையா அண்ணை. ஒருத்தருக்கும் காயம்கூட இல்லை. லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்கள். வழக்கு வைச்சு, மறியலுக்கும் போட்டாங்கள். போயிட்டு வந்திட்டன்.”

“ஒருத்தரும் சாகாமலே வழக்கு வைச்சவங்களோ?”

“ஓம் அண்ணை.”

அங்கே கடையில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

“நல்ல சட்டம்” என்றார் சவரி அண்ணை.

டிலானி தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். “ஐயா, நான் அவற்ர மகள். உங்கட மகன் எங்க இருக்கிறார்?”

“அவனோ? அவன் முள்ளிக்குளத்தில கலியாணம் கட்டி இருந்தவன் பிள்ளை. இப்ப ஆமி அங்கத்தைச் சனத்தையும் ஊரைவிட்டு எழுப்பிப்போட்டாங்கள். என்னோடதான் வந்து இருக்கிறான். ரெண்டு குஞ்சுகள்.” அவளோடு கதைக்கும்போது குரல் இளகியிருந்தது. “நீ என்ன படிக்கிறாய்?”

சொன்னாள். பிழைபிழையான தமிழில் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டார்.

“சரி பிள்ளை, நான் வைக்கிறன். ஆமி ரோட்டை மூடமுதல் வீட்ட போகவேணும். இஞ்சயிருந்து நடைதான்.”

“ஆரும் கூட்டிக்கொண்டு போகமாட்டினமோ?”

“கேக்கிறவைதான். நான் அண்டையில இருந்து ஒருத்தற்ர வாகனத்திலயும் ஏறுறேல்லை.”

லைன் நின்றது. மனுசன் றிசீவரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். டிலானிதான் அதை அவருடைய கையிலிருந்து வாங்கி, அதன் இடத்தில் வைத்தாள். பிறகு எழும்பிப் போகாமல், கன மாதத்துக்குப் பிறகு, தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.